பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்! - ரஷ்யாவில் கைவினைப் பொருள் வாங்குவோர் கவனத்துக்கு...

ரஷ்யாவில் படித்துத் திரும்பியவரோ, வேலை பார்த்தவரோ இருக்கும் வீட்டின் ஷோகேஸில் அந்தப் பொம்மை கட்டாயம் இருக்கும். தலையில் பூப்போட்ட முக்காடு, தக்காளிக் கன்னம், கால் தெரியாத உருண்டை உடம்பு. வீட்டுக்கு வரும் குழந்தைகள் ரிமோட்டைக்கூட விட்டுவிட்டு அதனிடம்தான் போவார்கள். திறந்தால் உள்ளே ஒன்று. அதைத் திறந்தால் இன்னொன்று. இப்படியே போய், கடைசியில் இருக்கவேண்டிய சுண்டுவிரல் நகம் அளவு குட்டிப் பொம்மை மட்டும் பல வீடுகளில் இருக்காது. சோபாவுக்கு அடியில் உருண்டு போய் ஆண்டுகள் ஆகியிருக்கும்.

மத்ரியோஷ்கா என்பது அதன் பெயர். ரஷ்யா என்றதும் நினைவுக்கு வரும் பரிசுப் பொருள் அதுதான். ஆனால், மாஸ்கோவின் கடைத்தெருவில் ஒரே அலமாரியில், ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு மத்ரியோஷ்காக்களில் ஒன்றின் விலை இன்னொன்றைப்போலப் பல மடங்கு இருக்கும். ஒன்று, ஓவியர் நாள்கணக்கில் உட்கார்ந்து தீட்டியது. இன்னொன்று, அச்சடித்த படத்தை ஒட்டி வார்னிஷ் பூசியது. அச்சுக்கு அச்சின் விலை கொடுத்தால் நஷ்டமில்லை. கைவேலையின் விலையைக் கொடுத்து அச்சை வாங்கி வருவதுதான் வயிற்றெரிச்சல். அது வாங்கியவருக்கு மட்டும் நஷ்டமல்ல. தூரிகையை நம்பி உட்கார்ந்திருக்கும் ஓர் ஊருக்கே நஷ்டம்.

டூரிஸ்ட்டிடம் இல்லாத ஒன்று

இரண்டு நாள் சுற்றுலாவில் வருகிறவர் ஏமாந்தால் மன்னிக்கலாம். அவருக்கு நேரமில்லை. ரஷ்யாவிலேயே தங்கியிருப்பவர்களுக்கு என்ன கேடு? ஆனால், அவர்களும் டூரிஸ்ட் போலத்தான் வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறவர்கள் ஏராளம். செப்டம்பரில் வகுப்பு தொடங்கினால் கோடைவரை மூச்சுவிட நேரமிருக்காது. தேர்வு முடிந்து, டிக்கெட் போட்ட பிறகுதான் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும். பெரியம்மாவுக்கு ஒன்று, சித்தப்பா வீட்டுக்கு ஒன்று, மாடி வீட்டு ஆன்ட்டிக்கு ஒன்று, நீட் கோச்சிங் சாருக்கு ஒன்று. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, மாஸ்கோவில் இருந்தால் பழைய அர்பாத் தெரு. வேறு ஊரில் இருந்தால் கண்ணில் படும் முதல் கடை. அதுவும் தவறினால் விமான நிலையக் கடை. பத்து நிமிடத்தில் பத்துப் பொம்மை. எதையும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அங்கே வசிப்பவரிடம் இருக்கும் பெரிய சொத்து நேரம். அக்டோபரில் ஒரு ஞாயிறு சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பிடித்ததை அடுத்த மாதம் வாங்கலாம். ஒரே பொருளை மூன்று கடைகளில் பார்த்தாலே கண் பழகிவிடும். பட்டுப்புடவை வாங்க நாலு கடை ஏறி இறங்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பணம் விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 2022 மார்ச் மாதத்தில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டன. இந்தியாவில் வாங்கிய அந்த கார்டுகள் அங்கே கடையிலும் செல்லாது, ஏ.டி.எம்மிலும் செல்லாது. அங்கேயே வங்கிக் கணக்கு தொடங்கி 'மிர்' கார்டு வைத்திருக்கும் மாணவருக்குக் கவலையில்லை. மகளைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மா கையில் ரூபிளாக வைத்திருக்க வேண்டும். சந்தையில் பேரம் பேசவும் ரொக்கம்தான் வசதி.

சின்னவள்தான் மூத்தவள்

மத்ரியோஷ்காவைப் பார்த்தால் ஏதோ ஆயிரம் ஆண்டுப் பழைமை போலத் தோன்றும். உண்மையில் அவளுக்கு வயது சுமார் 130தான். சென்னை ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது 1856-ல். இவள் அந்த ரயிலைவிட இளையவள்.

1890-களில், மாஸ்கோவில் மாமன்தோவ் குடும்பத்தினர் நடத்திய 'குழந்தைக் கல்வி' என்ற பட்டறையில் பிறந்தாள். மரத்தைக் கடைந்தவர் வசீலி ஸ்வியோஸ்தச்கின். வண்ணம் தீட்டியவர் ஓவியர் செர்கேய் மல்யூத்தின். ஜப்பானிலிருந்து வந்த, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஒரு பொம்மையைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். முதல் செட்டில் எட்டுப் பொம்மைகள். வெளியே நிற்பவள் கையில் கறுப்புச் சேவல். கடைசியில், துணி சுற்றிய கைக்குழந்தை. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் வாங்கிய பிறகு, வெளிநாடுகளில் கிராக்கி கூடியது. அந்த முதல் செட் இன்றும் செர்கியெவ் பொசாத் நகரின் பொம்மை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெரும்பாலும் லிண்டன் மரத்தில் செய்கிறார்கள். மென்மையான மரம். வெட்டியதும் கடைந்துவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகு முதலில் கடைவது, திறக்கவே முடியாத அந்தக் குட்டிப் பொம்மையைத்தான். அவள் அளவை வைத்துத்தான் அடுத்தவளின் கீழ்ப்பாதி, பிறகு மேல்பாதி. இப்படி உள்ளிருந்து வெளியே வளர்கிறது குடும்பம். தேர்ந்த கடைசல்காரர்கள் அளவுகோலை அதிகம் தேடுவதில்லை. கண்ணும் விரலும்தான் அளவு.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது?

வெளியே நிற்கும் பெரியவளைப் பார்க்கவே வேண்டாம். அவளுக்கு எல்லோரும் நன்றாகத்தான் அலங்காரம் செய்திருப்பார்கள். நேராக உள்ளே போய்க் கடைசி இரண்டு பொம்மைகளை எடுங்கள். அங்கேதான் சாயம் வெளுக்கும். நல்ல ஓவியர் குட்டிக்கும் கண், மூக்கு, முக்காட்டுப் பூ எல்லாம் வைத்திருப்பார். அவசர வேலையில் மூன்றாவது பொம்மையோடு பூ நின்றுவிடும். கடைசிக் குட்டிக்கு இரண்டு புள்ளியும் ஒரு கோடும்தான்.

அடுத்து, மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் மூடிப்பாருங்கள். இடுப்பில் ஓவியம் விட்டுப்போகாமல் தொடர வேண்டும். மூடி தொளதொளவென்று ஆடக் கூடாது; லேசாகக் 'கிறீச்' என்று சத்தம் வந்தால் நல்லது. உள்பக்கம் சிராய் இல்லாமல் வழுவழுவென்று இருக்க வேண்டும். கடைசியாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நல்ல வேலை என்றால் ஓவியரின் கையெழுத்து, சில சமயம் ஆண்டும் இருக்கும். கையெழுத்துகூட அச்சாக இருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சோதனை கையிலேயே இருக்கிறது. போன் கேமராவை ஜூம் செய்து முகத்தருகே கொண்டுபோங்கள். அச்சடித்த படம் என்றால் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரியும். தூரிகை என்றால் கோடு தொடங்கும் இடம் தடித்து, முடியும் இடம் மெலிந்திருக்கும். ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறி இருக்கும். அப்படியும் சந்தேகமா? ஒரே மாதிரி இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். புருவம் முதல் பொத்தான் வரை இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால், அது மனிதர் கை அல்ல. விற்பவரிடம் "ருச்னாயா ரபோத்தா?" என்று கேட்டால் போதும். 'கைவேலையா?' என்று அர்த்தம். நேர்மையானவர் இல்லை என்றால் இல்லை என்பார்.

ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அளவான நிறத்தில், கையில் கூடையோ மூட்டையோ வைத்துக்கொண்டு குண்டாக நிற்பவள் செர்கியெவ் பொசாத்காரி. மஞ்சள் முக்காடு, சிவப்பு உடை, முன்பக்கம் முழுக்கப் பெரிய பூங்கொத்து என்றால், நீஸ்னி நோவ்கரத் பக்கம் இருக்கும் செம்யோனவ். கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறமும் காட்டு ரோஜாவும் என்றால் பல்ஹவ்ஸ்கி மைதான். கடைக்காரரிடம் "இது எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் விலையும் தெரிந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊருக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு சிக்கல் வரும். ரஷ்யக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து கிடக்கும், மரம் சுருங்கியிருக்கும். சென்னையின் ஈரக்காற்று பட்டதும் உப்பிக்கொள்ளும். பொம்மை திறக்கவே திறக்காது. கத்தியை விட்டு நெம்பினால் வண்ணம் போய்விடும். ஏ.சி அறையில் ஓரிரு நாள் வைத்துவிட்டு, இரண்டு பாதியையும் மெதுவாகத் திருகினால் விட்டுக்கொடுக்கும். தண்ணீரில் மட்டும் கழுவவே கூடாது.

தங்கமே இல்லாத தங்கம்

சிவப்பு, கறுப்பு, தங்க நிறத்தில் இலையும் பழமுமாக மின்னும் மரக்கிண்ணம், கரண்டி... இதற்குப் பெயர் ஹஹ்லமா. நீஸ்னி நோவ்கரத் பகுதியின் கலை. இந்தப் பொருள்கள் சந்தைக்கு வந்த கிராமத்தின் பெயரே கலைக்கும் பெயராகிவிட்டது. பளபளப்பைப் பார்த்துத் தங்க முலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு குண்டுமணித் தங்கம்கூட அதில் இல்லை.

மரத்தில் முதலில் களிமண் கலவை பூசுவார்கள். மேலே ஆளிவிதை எண்ணெய், பல முறை. அது லேசாகப் பிசுபிசுக்கும்போது உலோகத்தூளைத் தேய்ப்பார்கள். ஒரு காலத்தில் வெள்ளீயம், பிறகு அலுமினியம். இப்போது கிண்ணம் வெள்ளிபோல இருக்கும். அதன்மேல் ஓவியம், ஓவியத்துக்கு மேல் வார்னிஷ், பிறகு சூளை அடுப்பு. சூட்டில் வார்னிஷ் தேன் நிறமாக மாற, அதன் வழியே தெரியும் வெள்ளி தங்கமாகிவிடும். பழைய வழிபாட்டு முறையை விடமாட்டோம் என்று வோல்கா காடுகளுக்குத் தப்பி வந்த சாமி பட ஓவியர்கள் கொண்டுவந்த வித்தை இது என்று அந்தப் பக்கம் ஒரு கதை உண்டு.

பரிசு கொடுக்க மத்ரியோஷ்காவைவிட ஹஹ்லமா மேல் என்று தாராளமாகச் சொல்லலாம். உடையாது, எடை இல்லை, கரண்டி என்றால் பத்துப் பேருக்கு வாங்கினாலும் பெட்டியில் ஒரு மூலையில் அடங்கும். ஷோகேஸில் தூசி பிடிக்காமல் கிண்ணத்தில் முந்திரி போட்டு வைக்கலாம். மைக்ரோவேவில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

நீலமும் வெள்ளையுமான பீங்கான் என்றால் அது க்ஷேல். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் கிராமங்களின் கூட்டம். கோபால்ட் சாயத்தால் தீட்டும்போது பூ கறுப்பாகத்தான் இருக்கும். சூளைக்குள் போய் வந்த பிறகே நீலமாகிறது. அதாவது, வரைபவர் எந்த நிறத்தில் வரைகிறோம் என்பதைக் கண்ணால் பார்க்காமலேயே வரைகிறார்! தூரிகையின் ஒரு பக்கம் சாயத்தை அதிகம் எடுத்து, ஒரே இழுப்பில் இதழை முடிப்பார். அதனால் அசல் க்ஷேல் பூவின் ஒவ்வோர் இதழிலும் ஒரு ஓரம் ஆழ்நீலம், மறு ஓரம் வெளிர்நீலம். போலியில் எல்லா இடமும் ஒரே நீலம். கோப்பையைத் திருப்பினால் அடியில் பட்டறையின் நீல முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இது பீங்கான், செக்-இன் பெட்டியில் போட்டால் சென்னைக்கு ஓடுதான் வந்து சேரும். கைப்பையில், ஸ்வெட்டர் சுற்றி வைப்பதே உத்தமம்.

சாமி படம் வரைந்த ஊர்

இவானவா பகுதியில் பலேக் என்று ஓர் ஊர். பல தலைமுறையாக அங்கே ஆண்களின் தொழில், தேவாலயங்களுக்கும் வீடுகளுக்கும் சாமி படம் வரைவது. 'ஐகான்' என்பார்கள். தஞ்சாவூர் ஓவியக் குடும்பங்களை நினைத்துக்கொண்டால் புரியும். 1917-ல் புரட்சி வந்தது. புதிய அரசுக்குக் கடவுளும் வேண்டாம், கடவுள் படமும் வேண்டாம். ஓர் ஊரின் பிழைப்பே ஒரே அடியில் போனது. தூரிகை பிடித்த கைகள் வேறு கூலி வேலைகளைத் தேடிப் போயின.

இவான் கோலிகவ் என்ற பலேக்காரர், மாஸ்கோவின் கைவினை அருங்காட்சியகத்தில் கறுப்பு வார்னிஷ் பூசிய சிறு பெட்டிகளைப் பார்க்கிறார். ஃபெதோஸ்கினோ என்ற ஊரில் செய்தவை. காகிதக்கூழ் வகைப் பெட்டி, மேலே எண்ணெய் வண்ண ஓவியம். அந்தப் பெட்டி மீது நம் பாணியில் வரைந்தால் என்ன என்று தோன்றியது. சாமி படத்துக்கு முட்டை மஞ்சள் கரு கலந்து குழைக்கும் அதே வண்ணம், அதே மெல்லிய தங்கக் கோடு. சாமிக்குப் பதில் நாட்டுப்புறக் கதை. 1924-ல் ஏழு பேர் சேர்ந்து கூட்டுறவுப் பட்டறை தொடங்கினார்கள். 1925-ல் பாரிஸ் கண்காட்சியில் அவர்களுக்கு விருது. ஊர் பிழைத்தது.

சோவியத் காலத்தில் மலிவு விலையில் தமிழில் வந்த ரஷ்யக் கதைப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு பலேக் பெட்டியைப் பார்த்ததும் ஏதோ பழகிய முகங்களைப் பார்ப்பதுபோல இருக்கும். நெருப்புப் பறவை, இளவரசன் இவானைச் சுமந்து ஓடும் சாம்பல் ஓநாய், தவளை இளவரசி... எல்லோரும் உள்ளங்கை அளவுக் கறுப்பு மூடியில் இருப்பார்கள். தங்கக் கோட்டை வரைந்து முடித்ததும் ஓநாய்ப் பல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவது அந்த ஊர் வழக்கம். வேறு எதனால் தேய்த்தாலும் அந்த மினுக்கு வராது என்பது அவர்களின் நம்பிக்கை.

அட்டையை அடுக்கடுக்காக ஒட்டி, அழுத்தி, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, அடுப்பில் உலர்த்தித்தான் அந்தப் பெட்டியே பிறக்கிறது. பிறகு ஓவியம், பிறகு அடுக்கடுக்காக வார்னிஷ், மெருகு. வாரங்கள், நுணுக்கமான வேலை என்றால் மாதங்களும் ஆகும். ஆகவே, சந்தையில் ஒருவர் "அசல் பலேக்" என்று சொல்லி இரண்டு பீட்சா விலையில் நீட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அச்சுப் படத்தை ஒட்டி, மேலே நாலு தங்கக் கோடு இழுத்து, வார்னிஷ் ஊற்றிவிடுவார்கள். விரலால் தடவினால் அசலும் போலியும் ஒன்றாகவே வழுக்கும். இங்கேயும் போன் ஜூம்தான் துணை. நல்ல பெட்டியில் ஊர்ப் பெயர், ஓவியர் பெயர், ஆண்டு எல்லாம் நுண்ணெழுத்தில் இருக்கும்.

மாணவர் பட்ஜெட்டுக்கு அசல் பலேக் எட்டாது என்பதே நிஜம். பரவாயில்லை. வாங்காமல் பார்க்கவாவது செய்யலாம். அதைப் பார்த்த கண்ணுக்குப் போலி உடனே உறுத்தும். இதே குடும்பத்தில் கொஞ்சம் கைக்கு அடங்குவது ஜோஸ்தவா தட்டு. மாஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் ஊர். உலோகத் தட்டில் பெரும்பாலும் கறுப்புப் பின்னணி, நடுவில் தோட்டத்தையே அள்ளி வைத்ததுபோல பூங்கொத்து. முன்கூட்டிப் பென்சிலால் வரைந்துகொள்ளாமல் தூரிகையாலேயே தொடங்குவதால் ஒரு தட்டுபோல் இன்னொன்று இருக்காது. கல்யாண வீட்டுக்கு எவர்சில்வர் தட்டுக்குப் பதில் இதைக் கொடுத்தால் தாம்பூலம் வைக்கவும் ஆகும்.

மோதிரத்துக்குள் நுழையும் சால்வை

ஆரன்பூர்க் சால்வையை விற்கிறவர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள். விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றி, முழுச் சால்வையையும் அதற்குள் விட்டு மறுபக்கம் இழுப்பார்கள். கூட்டம் வாய்பிளக்கும். ஆட்டின் மென்முடியில் பின்னிய, 'சிலந்தி வலை' என்று பெயர்பெற்ற மெல்லிய ரகம் அப்படி நுழையும் என்பது உண்மைதான். ஆனால் மெல்லிய செயற்கை நூல் துணியும் மோதிரத்தில் நுழையும்! குளிர் தாங்குவதற்கென்று பின்னும் கனமான சாம்பல் நிறச் சால்வை நுழையாது. அதனால் அது போலியும் ஆகிவிடாது. வித்தையை ரசித்துவிட்டு வேறு சோதனைக்குப் போங்கள். மேலே இருக்கும் பஞ்சை விரல் நுனியால் கிள்ளிப் பிடித்துச் சால்வையைத் தூக்குங்கள். பஞ்சு கொத்தாகக் கையோடு வந்தால் வேண்டாம். தாங்கி நின்றால் நல்ல முடி.

நம் ஊருக்கு எதற்குக் கம்பளிச் சால்வை என்ற கேள்வி நியாயமானதுதான். ஊட்டி, கொடைக்கானல் உறவினர்களும், ராத்திரி ஏ.சி பஸ்ஸில் நடுங்கும் பாட்டிகளும் பதில் சொல்வார்கள். எடைக் கணக்கு பார்க்கும் விமானப் பயணத்தில் இதைவிடச் சுமையில்லாத பரிசு கிடையாது.

அழகுக்கு என்றால் பாவ்லவ்ஸ்கி பொசாத். மாஸ்கோவுக்குக் கிழக்கே இருக்கும் இந்த ஊரின் துணிப் பட்டறை 1795-ல் தொடங்கியது. கம்பளித் துணியில் ரோஜாவும் இலையும் அடர்ந்த அச்சு, ஓரத்தில் குஞ்சம். இது பின்னல் அல்ல, அச்சுத் துணி என்பதால் இங்கே தூரிகையைத் தேடக் கூடாது. டிசைனைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு பெயர் உண்டு. வரைந்த ஓவியரின் பெயரும் சேர்ந்து லேபிளில் இருக்கும். நம் ஊர்ப் புடவைக் கடையில் நெய்தவர் பெயர் போட்டுப் பார்த்ததுண்டா? சந்தையில் கிடைக்கும் மலிவு நகல் பெரும்பாலும் செயற்கை இழை. நகரங்களில் இருக்கும் பட்டறையின் சொந்தக் கடையில் வாங்கினால் பேரம் நடக்காது, ஏமாற்றமும் நடக்காது.

சந்தையா, ஊரா?

மாஸ்கோவில் இருப்பவர்கள் முதலில் போகவேண்டியது இஸ்மாயிலவ சந்தை. மெட்ரோவில் பர்த்திசான்ஸ்கயா நிலையம். இறங்கி நடந்தால் கதைப்புத்தகக் கோட்டைபோல வண்ணக் கோபுரங்கள் தெரியும். பழங்காலக் கோட்டை என்று நினைத்துவிட வேண்டாம், அண்மைக் காலக் கட்டடம்தான். அதை ஒட்டிய 'வெர்னிசாஜ்' பகுதியில்தான் கடைகள். சனி, ஞாயிறுகளில் களைகட்டும். வாசலை ஒட்டிய கடைகளிலேயே பையை நிரப்பிவிடாமல் உள்ளே போக வேண்டும். வரைந்தவர்களே மேசை போட்டு விற்பதும் உண்டு. கையில் தூரிகையோடு உட்கார்ந்து அடுத்த பொம்மையைத் தீட்டிக்கொண்டிருப்பவரிடம் கேள்வி கேட்பதற்குத் தனிச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

பேரம் பேசலாம், அங்கே அது வழக்கம்தான். "ஸ்கீத்கா" என்றால் தள்ளுபடி. ஆனால், மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரியிடம் பேசுவதுபோல, தானே தீட்டியதை விற்கும் பெண்ணிடம் பாதி விலைக்கு அடித்துப் பேசுவது அழகல்ல. அவரிடம் ஒன்றுக்கு மூன்றாக வாங்கினால் அவரே குறைத்துக் கொடுப்பார்.

அங்கேயே வசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி, அந்தந்த ஊருக்கே போய்விடுவது. மாஸ்கோவின் யாரஸ்லாவ்ஸ்கி ரயில் நிலையத்தில் 'எலெக்த்ரீச்கா' எனும் புறநகர் மின்சார ரயிலைப் பிடித்தால், சுமார் 70 கிலோமீட்டரில் செர்கியெவ் பொசாத். புகழ்பெற்ற துறவி மடம், பொம்மை அருங்காட்சியகம், பொம்மைக் கடைகள் எல்லாம் ஒரே நாளில் முடியும். பக்கத்து ஊரான பகரோத்ஸ்கயெ மரப் பொம்மைக்குப் பெயர்போனது. பலகைக்கு அடியில் தொங்கும் மரக்குண்டைச் சுழற்றினால் மேலே கோழிகள் ஒவ்வொன்றாகக் கொத்தும். பேட்டரி இல்லை, சத்தம் 'டொக் டொக்' மட்டும்தான். ஐந்து வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு மத்ரியோஷ்காவை விட்டுவிட்டு இதை வாங்கலாம், முழுங்கிவிடும் பயமில்லை. நீஸ்னி நோவ்கரத்தில் படிப்பவர்களுக்குச் செம்யோனவ் பக்கம். கீரவ் நகரில் படிப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே தீம்கவ களிமண் பொம்மைகள்; வெள்ளைப் பின்னணியில் வட்டமும் கட்டமுமாக, தலைமுறையாகப் பெண்கள் கையாலேயே உருட்டித் தீட்டுவது.

ரஷ்யாவில் இந்தப் பாரம்பரியக் கைவினைகளுக்கென்றே 1999-ல் ஒரு தனிச் சட்டம் வந்தது. ஒரு பொருளைப் பாரம்பரியக் கைவினை என்று ஏற்கலாமா என்பதை, மாதிரியைப் பார்த்துக் கலை நிபுணர் குழு முடிவு செய்யும். சட்டம் இருந்தாலும் சந்தை மேசையில் ஸ்டிக்கர் பொம்மை பக்கத்திலேயேதான் நிற்கிறது. அங்கே நிபுணர் குழு வராது, வாங்குபவர்தான்.

பழசு என்றால் ஜாக்கிரதை

சந்தையின் ஒரு கோடியில் பழைய சாமான்கள் விரித்திருப்பார்கள். தாத்தா காலத்துச் சமோவார், கறுத்துப்போன ஐகான், சோவியத் பதக்கங்கள். பார்க்க ஆசையாக இருக்கும். புதிதாகச் செய்த சமோவாரை வாங்கி வருவதில் சிக்கலில்லை. பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போவதற்கு ரஷ்யச் சட்டத்தில் கடுமையான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. வயதைப் பொறுத்து நிபுணர் சான்று, அனுமதி எல்லாம் கேட்பார்கள். சிலவற்றை எடுத்துப்போகவே முடியாது. அரசு வழங்கிய பதக்கங்களை வாங்குவதும் விற்பதும் அங்கே குற்றம். "எல்லோரும் கொண்டுபோகிறார்கள்" என்று விற்பவர் சொல்வார். விமான நிலையத்தில் அவர் கூட வரமாட்டார். படிப்பு விசாவில் இருக்கும் மாணவர் இந்த வம்பு பக்கமே போகவேண்டாம். புதிதாக வரைந்த ஓவியம் வாங்கினாலும் ரசீதையும், ஓவியர் பெயரும் ஆண்டும் எழுதிய சீட்டையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி பெட்டி கட்டும் வேலை. மத்ரியோஷ்காக்களை ஒன்றுக்குள் ஒன்றாக மூடியே வையுங்கள். இடமும் மிச்சம், வண்ணமும் உரசாது. பெரியவளின் இடுப்பில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் வழியில் திறந்துகொள்ளாது. அதற்கு முன்னால், கடையிலேயே ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து மேசையில் வரிசையாக நிறுத்தி எண்ணுங்கள். ஐந்து என்று சொன்னால் ஐந்து, ஏழு என்றால் ஏழு. வேடிக்கை பார்ப்பவர்கள் திறந்து மூடும் பொம்மை அது. கடைசிக் குட்டி கடைக்காரரின் மேசைக்கு அடியிலேயே உருண்டு கிடக்கலாம்.